ஒன்றுமில்லாத தீவு

படகு தரை தட்டுவதற்குள் அவர் காலை வெளியே தூக்கிப் போட்டுவிட்டார். அவள் அவர் இடுப்பைப் பிடித்திருக்காவிட்டால் முகங்குப்புற விழுந்திருப்பார். முழங்கால் தண்ணீரில் படகுக்காரனும் அவளும் ஆளுக்கொரு தோளைத் தாங்கி, அவள் கணவரை மணலில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். சாய்ந்துகொள்ள, கடல் ஒதுக்கிய மரக்கட்டை ஒன்று கிடந்தது. வெயில் தாழ வருகிறேன் என்று படகுக்காரன் கிளம்பிவிட்டான்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே நீளமாக மணல். அங்கங்கே முள்புதர். ஒதுங்க ஒரு கூரை கிடையாது, குடிக்க ஒரு குழாய் கிடையாது. காற்று மணலை வாரி வாரி முகத்தில் அடித்தது. ஏதோ பூச்சி துணிக்குள் புகுந்து சுருக்கென்று கடித்தது.

அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். கல்யாணமான நாளிலிருந்து, லீவு கிடைத்தால் தூண்டிலை எடுத்துக்கொண்டு இங்கேதான் ஓடுவார். பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார். மீன் பிடிக்காத ஆளுக்குத் தீவில் என்ன வேலை? ஒருத்தி இருக்கிறாள் என்றே அவள் நம்பினாள். அந்த ஒருத்திக்கு முகம், குரல், குடியிருக்க ஒரு வீடு எல்லாம் மனசுக்குள் கொடுத்துவைத்திருந்தாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஈரத்துணியோடு மல்லுக்கட்டும்போதெல்லாம் அந்த ஒருத்தியோடுதான் சண்டை. டாக்டர் கைவிரித்த பிறகு அவர் கேட்டது இங்கே வருவதை மட்டும்தான். கூட்டிக்கொண்டு போயேன் என்று மகளும் போனில் அழுதாள். சரியென்று வந்தாள். அந்த வீட்டைக் கண்ணால் பார்த்துவிடலாமே.

"இங்க யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல."

"அப்புறம் எதுக்கு வருவீங்க?"

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்: "யாரும் இல்லைன்னுதான்."

ஒருத்தி இருந்திருந்தால் வாயாரத் திட்டியாவது தீர்த்திருக்கலாம். இந்த மணலை என்னவென்று திட்டுவது? கோபம் அவர்மேல் திரும்பியது. மகள் காய்ச்சலில் அனத்தியபோது அவர் இங்கே வந்து உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். தன் அப்பா செத்த அன்று ஊரெல்லாம் ஆள் விட்டும் அகப்படாததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல இன்னும் வந்தது. அவர் கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒரே ஒரு தடவை," என்றார். "வாயை மூடிக்கிட்டு உக்காரேன்."

மூடினாள். வீம்புக்குத்தான் மூடினாள். முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் அவரே கேட்கட்டும். அவர் கேட்கவில்லை. பின்னால் இருமல் வந்தது, கொஞ்சம் இழுத்தது, நின்றது. அப்போதும் அவள் திரும்பவில்லை.

அலை ஏறி வந்து பாதத்தை நனைத்தது.

"நகரணும். தண்ணி வருது."

காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"உங்களைத்தான் சொல்றேன்."

திரும்பிப் பார்த்தாள். கண் திறந்திருந்தது. தாடை தொங்கியிருந்தது. கன்னத்தில் மணல் அப்பியிருந்தது. அதைத் தட்டிவிடவில்லை. தொட்டாள். வெயிலில் கிடந்த உடம்பு கதகதவென்றே இருந்தது. எப்போது போனார் என்று அதைக்கொண்டும் தெரியவில்லை.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்னொரு அலை வந்து அவர் காலை அசைத்துவிட்டுப் போனது. அவள் அவர் அக்குளில் கைகொடுத்துப் பின்பக்கமாக இழுத்தாள். நோயில் இளைத்த உடம்புதான், ஆனாலும் கனத்தது. காலடியில் மணல் சரிந்தது. விழுந்தாள், எழுந்தாள், மறுபடி இழுத்தாள். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே இழுத்தாள். முன்பு சொல்லக் கூசிய வார்த்தைகளெல்லாம் வந்தன. கேட்க அந்தத் தீவில் ஒரு ஈ காக்கை இல்லை.

மணல்மேட்டில் உட்கார்த்திச் சாய்த்தாள். அவர் ஒருபக்கமாகச் சரிந்தார். நிமிர்த்தினாள். மறுபடியும் சரிந்தார். வேறு வழியில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து தன் தோளை முட்டுக் கொடுத்தாள். உள்ளங்கையால் அவர் கண்களை மூடினாள். பிறகு கன்னத்து மணலைத் துடைத்தாள்.

வெயில் தாழ்ந்தபோது படகு வந்தது. தூரத்திலேயே எஞ்சினை நிறுத்தினான் படகுக்காரன். இரண்டு பேரும் தோளோடு தோளாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பான். ஒன்றும் அவசரமில்லை என்பதுபோலக் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் கூப்பிடவில்லை.