புதன்கிழமைக் கையெழுத்து

எங்கள் பள்ளிக்கூடத்தில் யாருக்குப் பாடவேளை குறைகிறதோ அவர் தலையில் தொழில் வழிகாட்டுதலைக் கட்டிவிடுவார்கள். அந்த வருடம் உயிரியல் நடத்தும் எனக்கு மூன்று வேளை குறைந்துபோயிற்று. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரை ஒரு வாரம் ஆளுக்கொரு வேலையிடத்துக்கு அனுப்ப வேண்டும். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நான் நேரில் போய்ப் பார்த்து, பார்வைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

முப்பத்தெட்டு இடம், மூன்று நடை. எனக்கென்ன இறக்கையா முளைத்திருக்கிறது? இந்த வேலையைப் பார்த்த யாருமே அப்படிப் போனதில்லை. திங்களன்றே மூன்று கட்டத்தையும் நிரப்பிவிடுவோம். வெவ்வேறு நாளில் எழுதியதுபோல் தெரியப் பேனாவை மட்டும் மாற்றிக்கொள்வோம். நான் ஒரு படி மேலே போய், சுறுசுறுப்பானவள் என்று பெயர் வாங்க, அன்று மாலையே தாள்களைத் தலைமை ஆசிரியரின் அறையில் கோப்பில் போட்டுவிட்டேன்.

அந்த முப்பத்தெட்டில் ஒருத்தி டிங்சர். யார் கீழே விழுந்தாலும் முதல் ஆளாகப் பஞ்சும் டிங்சர் மருந்தும் எடுத்துக்கொண்டு ஓடுவாள், அதனால் அந்தப் பெயர். பெரிய மருத்துவமனையின் செவிலியர் உதவியாளர் பயிற்சிக்கு எங்கள் பள்ளிக்கு ஒரே ஓர் இடம் உண்டு. வேலையிடத்து நற்சான்று இருந்தால்தான் நேர்காணலுக்கே கூப்பிடுவார்கள். அந்த இடம் அவளுக்குக் கிடைக்கட்டும் என்றுதான் அவளைப் பல் டாக்டரிடம் அனுப்பினேன்.

வியாழக்கிழமை காலை ஆய்வகத்தில் வந்து நின்றாள்.

"நான் இனிமே அங்க போகமாட்டேன் மிஸ்."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"கிளினிக்குக்குள்ளயே விடல. மாடியில அவங்க வீடு. மூணு நாளா அங்கதான் இருந்தேன். அவங்க நாய்க்கு வயித்தால போகுது. அதை அள்ளி, தரையைக் கழுவி, கம்பளத்தைத் தேய்ச்சு... நேத்து சாப்பிட உக்காந்தேன், மறுபடியும் போயிடுச்சு. அள்ளிட்டு வந்து சாப்பிடுன்னாங்க டாக்டரோட சம்சாரம். முடியாதுன்னுட்டு வந்துட்டேன்."

பேசும்போதெல்லாம் கைகளை உடம்பில் படாமல் தள்ளியே வைத்திருந்தாள். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் நாற்றம் போகவில்லையாம்.

பல் டாக்டருக்குப் போன் போட்டேன். தேன் ஒழுகப் பேசினார்.

"நர்ஸ் வேலைக்குப் போற பொண்ணு அருவருப்பு பாக்கலாமா டீச்சர்? சேவை மனசு இருக்கான்னு சோதிச்சேன், அவ்வளவுதான். பணிவு போதாதுன்னு ஹெட்மாஸ்டருக்கு எழுதி அனுப்பிட்டேன்."

நாய்க்குச் சம்பளமில்லாத ஆயா தேடியதற்குச் சேவை மனசு என்று ஒரு பெயர். அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு தலைமை ஆசிரியரின் அறைக்குப் போனேன். அவருடைய முன்பல் இரண்டும் அதே டாக்டர் கட்டியவை. நான் சொன்னதையெல்லாம் அந்தப் பல்லைக் காட்டிக்கொண்டே கேட்டார். பிறகு கோப்பைத் திறந்தார்.

"நேத்து நீங்களே போயிருக்கீங்களே டீச்சர்" என்று சொல்லிவிட்டு நிதானமாகப் படித்தார். "'புதன். மாணவி பல் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்வதைப் பார்த்தேன். மிகவும் திருப்தி.' உங்க கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான், பச்சை மையில். டிங்சர் எட்டிப் பார்த்தாள்.

"நீங்க வந்தீங்களா மிஸ்?"

"வரல" என்றேன். "திங்கக்கிழமையே எழுதிட்டேன் சார். அவ பொய் சொல்லல. நான் எழுதித் தர்றேன்."

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"தாராளமா எழுதுங்க. அப்புறம் மத்த முப்பத்தேழு பேர் தாளையும் கிழிச்சுப் போட்டுடலாம், என்ன? இல்ல, நான் ஒரு போன் போடட்டுமா?"

பேனா என் கையில்தான் இருந்தது. எழுதவில்லை. அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை கெட்டுவிடக் கூடாதே என்றுதான் எழுதவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். என் வேலை போய்விடுமே என்ற பயம்தான். எதிரே உட்கார்ந்திருந்த அந்த மனுஷரைவிட என்மேல்தான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது. அவர் பல் டாக்டருக்குப் போன் போட்டார். இரண்டே நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அடுத்த வருடமும் ஒரு பெண்ணை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

வெள்ளிக்கிழமை புது நற்சான்று வந்தது. ஐந்து நாளும் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்தாராம், பணிவுக்கு முன்மாதிரியாம். டிங்சர் அதை நாய்ப்பீ அள்ளிய காகிதம்போல் நுனியில் பிடித்துக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று கிழித்துப் போடுவாள் என நினைத்தேன். சொல்லப்போனால், கிழித்துவிட மாட்டாளா என்று ஏங்கினேன்.

"அந்தக் கிருமி நீக்குற மெஷினை நான் கண்ணால பாத்ததே இல்ல மிஸ்" என்றாள். "திங்கக்கிழமை நேர்காணல். கேட்டா என்ன சொல்றது?"

கேட்பார்கள். கதவைச் சாத்திவிட்டுக் கரும்பலகையில் வரைந்தேன். இது மூடி, இது அழுத்தம் காட்டும் முள், இத்தனை டிகிரி சூடு, இத்தனை நிமிடம். வருடம் முழுக்க நான் உருப்படியாக நடத்திய தொழில் வழிகாட்டுதல் வகுப்பு அது ஒன்றுதான். அவள் அடிக்கோடெல்லாம் போட்டு அழகாக எழுதிக்கொண்டாள். பிறகு நோட்டிலிருந்து தலை நிமிராமலே கேட்டாள்.

"புதன்கிழமை நீங்க வந்தப்போ நான் எதைக் கழுவிட்டு இருந்தேன்னு சொல்லணும் மிஸ்?"