பெயர்ப்பலகை இல்லாத மலை

அந்த வளைவிலும் ஒரு சிவப்பு நாடா. கிளையில் சுற்றியிருந்தது. யாருமே வராத காட்டில்கூடக் குப்பை போட ஒருத்தன் வந்திருக்கிறானே என்று திட்டிக்கொண்டே அதையும் உருவிப் பைக்குள் போட்டேன். ஓட்டலில் அறை அறையாகப் பெருக்கித் துடைத்தே காலம் தள்ளுகிறவள் நான். கண்ணில் பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது.

என் வீட்டுக்காரர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். "நான் முன்னாடி போறேன், நீ மெதுவா வா" என்று ஏறும்போதே சொல்லிவிட்டார். அதுவே எனக்குப் பெரிய விஷயம். நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து மனுஷர் ஆளே மாறிப்போயிருந்தார். "நல்லா நடங்க, மேடு ஏறுங்க, ஒண்ணும் ஆகாது" என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார். கேட்டால்தானே? வீடு வீடாக ஏணி போட்டு வயர் இழுத்தவர், மாடிப்படியைப் பார்த்தாலே நெஞ்சில் கை வைத்தார். வேலைக்கும் போவதில்லை. நாற்காலியும் அவருமாக ஜன்னலோரம் கிடந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு கூட்டி வந்தும், ஆள் இன்னும் வீடு வந்து சேரவில்லை என்றுதான் எனக்கு இருந்தது.

இந்த மலையைச் சொன்னது எங்கள் ஓட்டலில் சலவை பார்க்கிறவள். கடைசி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் மரம் மண்டிக் கிடக்கிறது. டிக்கெட் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. "ஈ காக்கா இருக்காது, அவர் மூச்சு வாங்கினாலும் யாரும் பார்க்க மாட்டாங்க" என்றாள். கெஞ்சிக் கூத்தாடி இழுத்து வந்தேன். பாதி ஏறினால் போதும் என்றிருந்தது.

பாதிக்கு மேலேயே ஏறிவிட்டார். அப்புறம் ஒரு மரத்தில் சாய்ந்து, "போதும்டி, இறங்கிடலாம்" என்றார். இறங்கினோம். கொஞ்ச தூரத்தில் பாதை மூன்றாகப் பிரிந்தது. மூன்றிலும் ஒரே மாதிரி சருகு. அவர் ஒவ்வொரு கிளையாகத் தடவித் தேடினார். முகம் வெளுத்துவிட்டது.

"இங்கதான கட்டினேன். டேப்ப காணோமே."

"எந்த டேப்பு?"

"சிவப்பு டேப்புடி. வளைவுக்கு வளைவு சுத்திட்டு வந்தேனே."

பைக்குள் கை விட்டு மொத்தத்தையும் அள்ளி நீட்டினேன். எலக்ட்ரீஷியனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அது வயரில் சுற்றுகிற டேப் என்று உறைக்கவில்லையே! வெட்டவா குத்தவா என்று நிற்பார் என நினைத்தேன். அவர் அந்தச் சிவப்புப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா நீ தனியா இறங்கிப் போய் ஆள் கூட்டிட்டு வரணும்ல. அதுக்குத்தான்" என்றார் மெதுவாக.

ஏறின ஏற்றமெல்லாம் இதை நினைத்துக்கொண்டேதான் ஏறியிருக்கிறார், பாவி மனுஷர். அதற்குள் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். தோள் குலுங்கியது.

"ஐயோ! என்னங்க? என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலடி" என்று கண்ணைத் துடைத்தார். "சிரிப்பு. நான் சாகிறதுக்குப் பக்காவா ஏற்பாடு பண்ணிட்டு வந்தா, பின்னாடியே நீ பெருக்கிட்டு வந்திருக்க."

அவர் சிரித்து எத்தனை மாசம் ஆயிற்று! நானும் சிரித்தேன், அழுதேன், எது எப்போது என்று தெரியவில்லை.

மேலே, உச்சிக்கு அந்தப் பக்கமிருந்து பஸ் ஹாரன் கேட்டது. அந்தப் பக்கமும் ஒரு ரோடு போகிறது போலிருக்கிறது. "இங்க நின்னு சீட்டுக் குலுக்கிப் பார்க்க முடியாது. ஏறி அந்தப் பக்கம் இறங்கிடலாம், வா" என்றார். நெஞ்சை அவர் மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்துவேனா?

உச்சியில் பார்க்க ஒன்றுமில்லை, அங்கேயும் மரம்தான். அவர் நிற்கக்கூட இல்லை. இறங்கும்போது என் முட்டிதான் மக்கர் செய்தது. "கொஞ்சம் நில்லுங்க" என்றேன். திரும்பி வந்து கையை நீட்டினார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கை என் மேல் பாரமாகத்தான் விழுந்திருக்கிறது. இப்போது என்னை இழுத்தது.

நாங்கள் ரோட்டை எட்டுவதற்குள் பஸ் வளைவில் திரும்பி மறைந்தது.

"போச்சு, போயிடுச்சுங்க."

"போனா போகட்டும். அடுத்தது வரும்" என்றவர், மைல்கல்லில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றித் தட்டினார். ஈர மண் கட்டி கட்டியாக ரோட்டில் விழுந்தது.