பச்சை டேப்

மாதவ் ஸ்டூலிலிருந்து விழுந்தபோது சத்தமே போடவில்லை. பெட்டி மேஜையில் மோதிய சத்தமும், அவன் தலை இரும்பு அலமாரியில் இடித்த சத்தமும்தான் கேட்டன. நான் கவுண்டரில் போன் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் என் கணவன் தரையில் கிடக்கிறான். கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

நான் முதலில் சுவரைப் பார்த்தேன். பிளக் எதுவும் சொருகியிருக்கவில்லை. மேஜையில் இருந்த கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் வயரே மாட்டவில்லை. கரண்டே இல்லாத ஒரு பெட்டி ஆளை அடித்துப் போட்டிருக்கிறது. பதினோரு வருடமாக இதே ரிப்பேர் தொழிலில் இருக்கிறேன், ஆனாலும் அரை நிமிடம் ஒன்றும் பிடிபடவில்லை.

பிறகுதான் விளங்கியது. பவர் சப்ளைக்குள் கட்டைவிரலை விடப் பருமனாக இரண்டு கபாசிட்டர் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் முந்நூறு வோல்ட்டை உள்ளே வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கும். நல்ல பெட்டியில் அது கொஞ்ச நேரத்தில் தானாக வடிந்துவிடும். கெட்டுப்போன பெட்டியில் வடியும் என்று சொல்ல முடியாது. எங்களிடம் நல்ல பெட்டியை யார் கொண்டுவருகிறார்கள்?

அதனால்தான் கடையில் ஒரு சட்டம் வைத்திருந்தேன். வரும் பெட்டியை நான்தான் திறப்பேன். கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயாமலிருக்க ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நூறு வாட் பல்பின் வயர்களைக் கபாசிட்டரில் வைப்பேன். உள்ளே தங்கிய கரண்ட் வடிய, பல்பு மின்னி அணையும். மீட்டரில் ஒரு தடவை பார்ப்பேன். அதன்பின் கபாசிட்டர் தலையில் சின்னதாய் ஒரு பச்சை டேப் ஒட்டுவேன். பச்சை இருந்தால் தொடலாம் என்று அர்த்தம். அப்புறம்தான் அது மாதவின் மேஜைக்குப் போகும், சால்டரிங் அவன் வேலை. மூன்று வருடமாக ஒருவருக்கும் ஒரு சுரீர் கூடக் கிடையாது. இதை நாலு பேரிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

பக்கத்து டீக்கடைக்காரர் தத்தா ஓடிவந்தார். "வஹினி, காய் ஜால?", என்ன ஆச்சு அண்ணி என்று மராத்தியில் கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் ரிக்ஷாவை நிறுத்திவிட்டார். கடை இருக்கும் போபோடியிலிருந்து கட்கி ஆஸ்பத்திரி பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் நான் வாயை மூடவில்லை.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? வடிக்காத பெட்டியில கை வைக்காதேன்னு. அப்படி என்ன அவசரம் உனக்கு? நீயென்ன சின்னப் பையனா?"

நாங்கள் கோயம்புத்தூரில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் திட்டுவது அவனுக்குப் புதிதல்ல. தோளில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டே வந்தான். வலது கை விரல்கள் மடங்கினது மடங்கினபடி இருந்தன. அவற்றைப் பிரித்துவிடப் பார்த்தேன், முடியவில்லை. பயத்தில் இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

டாக்டரம்மா ஈசிஜி காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். இதயத் துடிப்பு சீராக இல்லை, நாளைக் காலைவரை மிஷினில் வைத்துப் பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று இந்தியில் சொன்னார். முப்பத்தொன்பது வயது, ஒரு மாத்திரை சாப்பிட்டதில்லை, காலையில் என்னோடு உப்புமாவுக்குச் சண்டை போட்டவன். நான் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிக்டியிலிருந்து அவன் அக்கா சியாமளா வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"உங்க தம்பி நான் சொல்றதைக் காதுலயே போட்டுக்கறதில்லைங்க அக்கா. சட்டம்னு ஒண்ணு வச்சா அதை மதிக்கோணும்ல? இப்பப் பாருங்க."

"அவன் எப்பவுமே இப்படித்தான் ரோஹிணி. நீ அழாத."

மாதவ் கண்ணை மூடிக்கொண்டான். தூங்குகிறான் என்று நினைத்தேன்.

மதியம் இன்சூரன்ஸ் கார்டை எடுக்கக் கடைக்குப் போனேன். போட்டது போட்டபடி ஓடியிருந்தேன், தத்தாதான் வாசலில் காவல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெட்டி மேஜையில் அப்படியே கிடந்தது. பல்பு வயரை எடுத்துக் கபாசிட்டரில் வைத்தேன். பல்பு மின்னவே இல்லை. உள்ளே இருந்ததெல்லாம் மாதவின் உடம்பில் இறங்கியிருந்தது.

அப்புறம்தான் கபாசிட்டர் தலையைப் பார்த்தேன். பச்சை டேப் இருந்தது.

நான் ஒட்டவில்லை. காலையில் இந்தப் பெட்டியின் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினேன், போன் அடித்தது, எழுந்து போய்விட்டேன். மூடியைக்கூடத் தூக்கவில்லை. தூக்கியது மாதவ்தான். பின்னே டேப் எங்கிருந்து வந்தது? டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். டேப்பின் ஓரம் சூட்டில் பழுப்பேறிச் சுருண்டிருந்தது. அதன்மேல் தூசி படிந்திருந்தது. இன்றைக்கு ஒட்டிய டேப்பில் தூசி ஏது?

மூடியைத் திருப்பினேன். உள்பக்கம் எங்கள் கடைச் சீட்டு, என் கையெழுத்து, போன வருடத்துத் தேதி. நாங்களே ரிப்பேர் பண்ணிக் கொடுத்த பெட்டி. வேலை முடிந்ததும் டேப்பை உரித்துவிட்டு மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வருடம் ஏதோ ஒரு டைப்பிங் கிளாஸில் ஓடி, முந்நூறு வோல்ட்டை நிரப்பிக்கொண்டு, தொடலாம் என்ற என் சான்றிதழோடு திரும்பி வந்திருக்கிறது.

டெலிவரிக்கு அலமாரியில் மூன்று பெட்டி தயாராக இருந்தன. மூன்றையும் திறந்தேன். மூன்றிலும் பச்சை டேப். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருடத்தில் எத்தனை பெட்டி வெளியே போயிருக்கும் என்று யோசிக்கவே முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது மாதவ் முழித்திருந்தான். மிஷின் சத்தம் இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை. அக்கா டீ குடிக்கக் கீழே போயிருந்தார்.

"அது பழைய டேப்புடா. நான்தான் எடுக்காம விட்டிருக்கேன்."

"தெரியும். விழுந்தப்புறம் யோசிச்சேன். வேற எப்படி இருக்க முடியும்?"

"காலையிலயே சொல்லியிருக்கலாம்ல? அக்காகிட்ட உன்னை என்னவெல்லாம் சொன்னேன்."

"நீ எங்க பேச விட்டே?" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

அதோடு நான் விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. ஆரம்பத்தில் அவன் டேப்பை நம்புகிறவன் அல்ல. நான் கொடுக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் தன் மீட்டரை வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் தொடுவான். இன்றும் பார்த்திருந்தால் முள் எகிறிக் குதித்திருக்கும்.

"நீ எப்பவும் மீட்டர் வச்சுப் பாப்பியே. இன்னிக்கு ஏன் பாக்கல?"

அவன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இன்னிக்கு மட்டுமில்ல. ஒரு வருசமாப் பாக்கறதில்ல. பாத்தா நீ கோவிச்சுக்கறே. அப்புறம் வீட்டுல ரெண்டு நாள் பேசமாட்டே. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

எனக்கு ஞாபகம் வந்தது. போன வருடம் மழை ஆரம்பித்த சமயம், அவன் கையிலிருந்து மீட்டரைப் பிடுங்கி மேஜையில் வைத்தேன். "நான் வடிச்சதை நீ சோதிச்சா என்ன அர்த்தம்? என் மேல நம்பிக்கை இல்லைன்னுதான?" என்று கத்தினேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மீட்டரைத் தொடாமல் வேலை செய்தான். வழிக்கு வந்துவிட்டான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அன்று நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்று அவன் இந்தக் கட்டிலில் கிடந்திருக்க மாட்டான். அவன் என் சொல்லைக் கேட்காமல் அடிபடவில்லை, கேட்டுத்தான் அடிபட்டான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் துடிப்பு சீரானது. இரண்டு விரல்களில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை, சில மாதங்கள் ஆகலாம் என்றார்கள். சியாமளா அக்காவிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பத்து நாள் உட்கார்ந்து, நம்பர் கிடைத்த வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் போன் செய்து, பெட்டியை யாரும் திறக்க வேண்டாம், நானே வந்து பார்க்கிறேன் என்றேன். டேப் ரோலைக் குப்பையில் போட்டேன். யார் வடித்திருந்தாலும் சரி, தொடப் போகிறவன் தானே மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும், அதுதான் இனிச் சட்டம் என்று மாதவிடம் நாலைந்து தடவை சொன்னேன். சரி, சரி என்றான்.

திங்கட்கிழமை அவன் கடைக்கு வந்தான். முதல் பெட்டியை வடித்து அவன் பக்கம் நகர்த்தினேன். இடது கையால் மீட்டரை எடுத்தான். அதை வைப்பதற்கு முன்னால் தலையைத் தூக்கி, நான் கோபமாக இருக்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தான்.