மேலே ஆகஸ்ட்

செல்வசிங் வேனின் கூரையை முஷ்டியால் குத்தினான். தகரம் டொம்மென்றது. ஹீட்டர் மட்டும் தின்ற பூனை மாதிரி உறுமிக்கொண்டே கிடந்தது. வளைகுடாவில் குளிரே கிடையாது என்று ஊரில் சத்தியம் செய்கிறவனை ஜெபல் ஹஃபீத் மலையடிவாரத்து மணலில் ஒரு ஜனவரி ராத்திரி கிடத்திப்பார்க்க வேண்டும். மேல்தட்டுப் படுக்கையில் மகள் ரினி கம்பளியை உதைத்துத் தள்ளிவிட்டு வியர்வையில் ஊறித் தூங்கினாள். கீழே மனைவி ரெபேக்காள் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, கால்களைச் சூப்பர்மார்க்கெட் பைக்குள் நுழைத்துக்கொண்டு, பேச வாய் திறக்கும்போதெல்லாம் புகை விட்டாள். ஒரே வேன். மேலே ஆகஸ்ட், கீழே அயர்லாந்து.

அந்த அயர்லாந்துதான் வினை. அங்கே ஓர் ஆஸ்பத்திரி ரெபேக்காளை நர்ஸ் வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். செல்வசிங் அல் ஐனில் ஏசி டெக்னீஷியன். "குளிர விக்கிறவன் குளிரடிக்குத ஊருக்குப் போயி என்னத்த விக்க? உப்பளத்துல உப்புக்கட போடவா?" என்று குதித்தான். அவள் அசையவில்லை. "அங்க ஹீட்டிங் வேல பாருங்க. அதுவும் காத்துதானே?" வீறாப்பில் அவனும் வாயைக் கொடுத்தான்: "எந்தக் காத்தானாலும் எனக்கு ஒண்ணுதான்!" சரக்கைப் புகழ்ந்தவன் பிரித்துக் காட்டத்தானே வேண்டும்? பழைய டெலிவரி வேனில் படுக்கை அடித்து, ஹீட்டர் மாட்டி, குளிரில் ஒரு ராத்திரி தங்கிக்காட்டுவதாகச் சவால் விட்டிருந்தான்.

ஃபில்டரைக் கழற்றி ஊதினான். வயரை இழுத்துப் பார்த்தான். ஃபேனைத் திட்டினான். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது அவனை இன்னும் எரித்தது. ஷார்ஜாவில் ஹீட்டரை வாங்கித் தந்த மச்சினன் பெபினை போனில் எழுப்பினான்.

"லே, என்னல ஒதவாத்த பாட்ட சாமானத் தந்திருக்க?"

"அத்தான், மெஷின் எரியுதா?"

"எரியுது."

"காத்து வருதா?"

"வருது. மேல மட்டும் கொதிக்குது."

"பெறவு மெஷின் மேல என்ன கேஸு? ஹலாஸ், முடிஞ்சுது. ஒறங்குங்க."

போனைக் கட்டிலில் எறிந்தான். ரெபேக்காள் எழுந்து நின்று கையைக் கூரை வரை உயர்த்தினாள். பிறகு நோயாளிக்குக் காய்ச்சல் பார்க்கிறமாதிரி மெல்ல முழங்கால் வரை இறக்கினாள்.

"குழாய எங்க வச்சிருக்கிய?"

அவனும் அண்ணாந்து பார்த்தான். குழாயின் நாலு வாயும் கூரையோரமாக வரிசையாக அழகாக இருந்தன. குளிர்காற்றை மேலே விட்டால் அது தானாகக் கீழே விழும். இத்தனை வருஷம் வில்லா வில்லாவாக அவன் கை அதைத்தான் செய்தது. இங்கேயும் அது அவனைக் கேட்காமலே ஏணியில் ஏறிவிட்டது. சூட்டுக்குத் தரையில் வழிவிட வேண்டுமென்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், ரினியிடம் கேட்டிருக்கலாம்.

"தெரியுமுன்னா முந்தியே சொல்லண்டாமா?" என்று கத்தினான்.

"கிட்ட அண்ட விட்டியளா? எங்கிட்டயாட்டி வேல படிப்பிக்குதன்னு வெரட்டுனிய." அவள் குரல் இறங்கியது. அவளுக்குக் கோபம் முற்றினால் அப்படித்தான். "உள்ளதச் சொல்லுங்க. போவாண்டாமுன்னு வேணுமின்னே வச்சியளா?"

ஆமாம் என்றால் கள்ளன். இல்லை என்றால் மடையன். இரண்டு விலையும் கட்டுப்படியாகவில்லை. அதைவிட மோசம், எது நிஜமென்று அவனுக்கே தெரியவில்லை. கையின் பழக்கம்தானா, கைக்குள்ளும் ஒரு மனசு ஒளிந்திருந்ததா?

குழாயை இறுக்கியிருந்த கூரைப்பட்டியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். ஸ்குரூ தெறித்தது. வளையும் குழாய் கையோடு வந்து உள்ளங்கையைச் சுட்டது. கெட்ட வார்த்தை ஒன்றை ரினிக்காக விழுங்கினான். குழாயைத் தரைக்கு வளைத்தான்; விட்டதும் அது துள்ளி மேலேயே போயிற்று. மறுபடி இழுத்தான். மறுபடி போயிற்று.

"சவத்துக்குப் பொறந்தது!"

கடைசியில் தரையில் சம்மணமிட்டு அதை முழங்காலுக்கடியில் நெரித்து, வாயை அவள் கட்டிலின் பக்கம் திருப்பிப் பிடித்தான்.

"திங்கக்கெழம நான் என்ன சொல்லட்டு?" என்றாள் அவள், முகத்தைத் திருப்பாமலே.

முழங்காலடியில் குழாய் திமிறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தளர்த்தினால் போதும், கூரைக்குப் போய்விடும். சூப்பர்மார்க்கெட் பை காற்றில் உப்பி, சரசரத்து, மெல்லக் கழன்று விழுந்தது. வெடித்த குதிகாலோடு அவள் பாதம் ஒன்று வெளியே வந்து, அவன் பக்கம் வராமல், சூட்டின் பக்கம் மட்டும் நீண்டது.