ஒரே லைப்ரரி

ஸ்ரீவில்லிபுத்தூர் மில்லில் லாரிகளை எடைபோடும் புரோகிராமும் வருகைப்பதிவு புரோகிராமும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தன. இரண்டும் ஓடுவதற்குப் பொதுவான நிரல் தொகுப்பு ஒன்று, ஒரே லைப்ரரி. வருகைப்பதிவுக்காக, இரண்டையும் பராமரிக்கும் ஷெரின் அந்த லைப்ரரியைப் புதுப்பித்ததும் எடை போடுவது நின்றுபோனது. பழையதைத் திரும்பப் போட்டால் வருகைப்பதிவு படுத்துக்கொண்டது. இதற்காகவே அந்த வாரம் முழுக்க ராஜபாளையத்து வீட்டிலிருந்து பஸ்ஸில் அலைந்தாள்.

கடைசியில் பழைய லைப்ரரியின் பிரதி ஒன்றை எடை புரோகிராமுக்கு உள்ளேயே தனியாகச் சேர்த்து வைத்தாள். இரண்டும் ஓடின. வாசலில் நின்ற பஞ்சு லாரிகள் நகர்ந்தன.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லம்மா?" என்றார் மேனேஜர் பொன்னுராஜ்.

"செஞ்சிருக்கலாம் அண்ணாச்சி. ஆனா இனி அந்த லைப்ரரியில ஒரு கோளாறுன்னா ரெண்டு எடத்துலயும் நாந்தான் வந்து சரிபண்ணணும்."

"அம்புட்டுதானே? வாங்க."

அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. தென்காசி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் சாய்ந்தாள். கண்டக்டர் கம்பியைத் தட்டி எழுப்பியபோது பஸ் சேத்தூரில் நின்றது.

"ஏம்மா, ராஜபாளையம் தாண்டி செத்த நேரமாச்சே!"

இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்த்திசை பஸ்ஸுக்கு நின்றாள்.