க. ஸ்ரீதரன், கா. ஸ்ரீதரன்

முதல் நாள் வகுப்பில் பாலேந்திரா வாயைத் திறந்ததுமே அஜந்தாவுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது. முகத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. அறுபதை நெருங்கும் மனிதர், சாயமிட்ட தலைமுடி, கழுத்தில் ஒரு பட்டுத் துண்டு. குரல் மட்டும் அன்றிருந்தபடியே இருந்தது.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதழியல் கற்பிக்கப்போகும் ஆசிரியர்களுக்கான ஒரு வருடப் பட்டப்படிப்பு அது. பாலேந்திராவையும் சேர்த்துப் படிக்க வந்தவர்கள் பதினொரு பேர். இருபத்தொன்பது வயது அஜந்தா தென் லண்டன் வாரப் பத்திரிகை ஒன்றில் ஐந்து வருடம் நீதிமன்றச் செய்தி எழுதியவள். பத்திரிகையை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தாள். மற்றவர்களில் பெரும்பாலானோர் முன்பின் தெரியாத ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்பதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டாள். செய்தி எழுதுவதைவிட, செய்தியைப் பற்றித் தங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று நிறக் காகிதங்களில் எழுதிச் சுவரில் ஒட்டுவதுதான் அங்கே அதிகம் நடந்தது. விரிவுரையாளர் ஷெறோன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி ஒவ்வொரு காகிதத்தையும் படித்துவிட்டு "அற்புதம்" என்பார். இத்தனை அற்புதங்களை ஒரே சுவரில் தாங்க முடியாமல் அஜந்தா ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள்.

பாலேந்திரா இருபது வருடம் லண்டன் தமிழ் வானொலி ஒன்றில் செய்தி வாசித்தவர். அந்த வானொலியும் இப்போது இல்லை. வகுப்பில் அவர்தான் "களம் கண்டவர்". போர்க்காலத்தில் இரண்டு இடங்களில் உறுதிசெய்யாமல் ஒரு சொல்லையும் காற்றில் விட்டதில்லை என்று அவர் சொன்னபோது ஷெறோன் பேனையை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அஜந்தா எதையும் குறிக்கவில்லை. அவளுக்கு 2009 ஏப்ரல் ஞாபகம் வந்தது.

அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. பிளேஸ்டோ வீட்டுச் சமையலறையில் அம்மா நகுலேஸ்வரி வானொலியை நிறுத்துவதே இல்லை. ஒரு காலை இறந்தவர்களின் பெயர்களை அந்தக் குரல் வாசித்தது. "க. ஸ்ரீதரன், கிளிநொச்சி" என்றது. அம்மாவின் ஒரே தம்பி, கந்தையா ஸ்ரீதரன். அம்மா கரண்டியோடு நிலத்தில் இருந்துவிட்டாள். சாவுத் துடக்கு காத்து, படம் வைத்து, எட்டாம் நாள் எட்டுச் செலவும் செய்து முடித்தார்கள். ஒன்பதாம் நாள் அகதி முகாமிலிருந்து மாமாவே கூப்பிட்டார். அம்மா முதலில் யாரோ விளையாடுகிறார்கள் என்று ஏசிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள்.

பிறகு வானொலிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். பக்கத்தில் நின்ற அஜந்தாவுக்கு மறுமுனையில் அதே குரல் நன்றாகக் கேட்டது. "சந்தோசம்தானே தங்கச்சி, ஆள் உயிரோட இருக்கிறார். நாங்கள் வாற லிஸ்ட்டை வாசிக்கிறம், ஒவ்வொண்டாப் பாக்க ஏலுமே?" திருத்தம் எதுவும் வாசிக்கப்படவில்லை.

நவம்பரில் எல்லாரும் மாதிரிப் பாடம் நடத்தவேண்டி வந்தது. ஒருவர் ஆசிரியர், மற்றவர்கள் பதினான்கு வயதுப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். அஜந்தா எடுத்த பாடம், பிழையைத் திருத்தி வெளியிடுவது எப்படி என்பது. வானொலியின் பெயரும் வாசித்தவரின் பெயரும் சொல்லாமல், நடந்ததை அப்படியே சொன்னாள். பாலேந்திராவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பாலேந்திரா பதினான்கு வயதுப் பையனைப்போலத் துள்ளிக் கையை உயர்த்தினார். "மிஸ், அந்த அறிவிப்பாளரை உடனே வேலையிலிருந்து நிறுத்தியிருக்க வேண்டும்!"

வகுப்பு சிரித்தது. அவர் நடிக்கிறாரா என்று அஜந்தா உற்றுப் பார்த்தாள். இல்லை. உண்மையிலேயே ஞாபகமில்லை. ஒரு குடும்பத்துக்கு எட்டு நாள் செத்த வீடு கொடுத்தவருக்கு அது ஒரு தூசுக்கும் சமமில்லை.

பாடம் முடிந்ததும் நடைவழியில் மறித்தாள். "நான் சொன்னது உங்களைத்தான்."

அவருக்கு விளங்க நேரமெடுத்தது. "பிள்ளை, எத்தினை ஆயிரம் பேர் வாசிச்சனான். அந்த நேரம் எப்பிடி எண்டு உமக்குத் தெரியாது."

"தெரியும். நாங்கள் எட்டுச் செலவு செய்தனாங்கள்."

அவர் அங்குமிங்கும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சரி, மனசில வைச்சிருக்காதையும். ஷெறோனுக்கு இதைச் சொல்லவேண்டாம், என்ன? பள்ளிக்கூட வேலைக்கு அவதான் எனக்குக் கடிதம் தரவேணும். அம்மாட நம்பரைத் தாரும், நான் கதைக்கிறன்."

கடிதத்துக்காகக் கேட்கப்படும் மன்னிப்பின் முகத்தையும் பார்ப்போம் என்று இலக்கத்தைக் கொடுத்தாள்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது அம்மா முகமெல்லாம் மலர்ச்சியாக நின்றாள். "பாலேந்திரா அண்ணை எடுத்தவர் பிள்ளை! அதே குரல். அரை மணித்தியாலம் கதைச்சவர்."

"மன்னிப்புக் கேட்டவரோ?"

"அதையெல்லாம் இப்ப ஏன் கிளறுவான்? தம்பி நல்லா இருக்கிறான்தானே. பெரிய மனுசன், தானா எடுத்துக் கதைச்சவர். தைப்பொங்கலுக்கு வாங்கோ எண்டு சொன்னனான்."

அஜந்தாவுக்கு அவர்மேல் இருந்த அருவருப்பில் ஒரு பங்கு அம்மாமீதும் தெறித்தது. அதை நினைத்து வெட்கப்பட்டாள். ஆனாலும் அது போகவில்லை.

பயிற்சிக்கு அவளை லூயிஷாமில் ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே பிள்ளைகளிடம் நிறக் காகிதத்தைக் கொடுக்காமல், பெயரைக் கேட்டு எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வைத்தாள். சலித்துக்கொண்டார்கள், ஆனால் செய்தார்கள். ஒரு மதிய இடைவேளையில் அந்தப் பழைய பட்டியலை இணையத்தில் தேடினாள். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படமாகச் சேமித்து வைத்திருந்தார். அதில் இருந்தது: கா. ஸ்ரீதரன், 41, தச்சுத் தொழிலாளி, கிளிநொச்சி. மாமாவுக்கு அப்போது முப்பத்துநான்கு, ஆசிரியர். வயதையும் தொழிலையும் விழுங்கி, 'கா'வின் துணைக்காலையும் விழுங்கியிருந்தார் பாலேந்திரா. வேறொரு ஸ்ரீதரன் செத்திருக்கிறார். அவரை யாரும் வாசிக்கவே இல்லை.

அதைப் பாலேந்திராவிடம் சொல்லலாம் என்றுதான் ஜூனில் இறுதி வகுப்புக்குப் போனாள். அன்று எல்லாரும் தங்கள் கற்றல் அனுபவத்தைப் பற்றிப் பேசவேண்டும். பாலேந்திரா எழுந்தார். "நான் ஒரு பாவம் செய்தவன்" என்று ஆரம்பித்தார். ஒரு தாய், ஒரு தம்பி, வானொலியில் ஒரு பெயர். பல ஆண்டுகளாகத் தன்னை உறங்கவிடாத அந்தத் தவறு. கடைசியில் தானாகவே அந்தத் தாயைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் தன்னை மன்னித்த நிமிடம். சரியான இடங்களில் குரல் உடைந்தது. நவம்பரில் அஜந்தாவின் பாடத்தில் கேட்டது இதுதான் என்று யாருக்கும் உறைக்கவில்லை. ஷெறோன் கண்ணைத் துடைத்தார். தம்பியின் பெயரை மட்டும் 'ஸ்ரீரங்கன்' என்று சொன்னார்.

அந்த வருடத்தின் அதிகூடிய புள்ளி பாலேந்திராவுக்குக் கிடைத்தது.

அஜந்தா எழுந்து எதுவும் சொல்லவில்லை. அந்தக் குரலோடு அந்த அறைக்குள் மோதினால் அதுவும் அவருக்கு இன்னொரு கதையாகிவிடும் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து ஆறு வரியில் ஒரு திருத்தம் எழுதினாள். எந்த நாள், எந்த வானொலி, வாசித்தவர் யார், வாசிக்கப்பட்டது என்ன, பட்டியலில் இருந்தது என்ன. கீழே தன் பெயர், தொலைபேசி இலக்கம். தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் மாதப் பத்திரிகை ஒன்று, நகைக்கடை விளம்பரத்துக்கும் கல்யாண மண்டப விளம்பரத்துக்கும் இடையில் அதைப் போட்டது.

முதலில் இரண்டு பேர் தொலைபேசி எடுத்து, பாலேந்திரா அண்ணையின் குரலைப் போல இனி ஒரு குரல் வராது என்றார்கள். மூன்றாவதாகத் தோர்ண்டன் ஹீத்திலிருந்து ஒரு பெண் எடுத்தாள். பெயர் ரமா.

"தங்கச்சி, கா. எண்டால் என்ன பேர் எண்டு போட்டிருக்கோ?"

"இல்லை அக்கா. எழுத்து மட்டும்தான். நீங்கள் தேடுற ஆளுக்கு என்ன வயசு?"

"அப்ப நாப்பத்தொண்டு. என்ர அண்ணை. காசிப்பிள்ளை ஸ்ரீதரன்."

"என்ன வேலை?"

"மர வேலை. கதவு, ஜன்னல் செய்யிறவர்."

அஜந்தா பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு, அதில் இருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தாள். பிறகு, "இது ஒரு பட்டியல் மட்டும்தான் அக்கா. ஆர் எழுதினது எண்டு எனக்குத் தெரியாது. இதுக்கு மேல நான் ஒண்டும் சொல்ல ஏலாது" என்றாள்.

"நானும் அண்டைக்கு றேடியோ கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்" என்றாள் ரமா. "க. எண்டு வாசிச்சவர். எங்கட ஆள் இல்லை எண்டு கும்பிட்டனான். இண்டைவரைக்கும் தேடுறம்."

அடுத்த நாள் பாலேந்திரா எடுத்தார். குரலில் தேன் இல்லை. "பேப்பரில என்ர பேரைப் போட முதல் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குச் செப்டெம்பரில வேலை தொடங்குது. உம்மட அம்மாவே மன்னிச்சிட்டா. நீர் ஆர்?"

அஜந்தா ரமா சொன்னதைச் சொன்னாள். காசிப்பிள்ளை ஸ்ரீதரன், நாற்பத்தொன்று, தச்சு வேலை. "அவவின்ர நம்பர் தாறன், எழுதுங்கோ. நீங்களே எடுத்துச் சொல்லுங்கோ."

"இப்ப பேனை இல்லை. பிறகு எடுக்கிறன்" என்று அவர் வைத்துவிட்டார்.

அவள் இலக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். படித்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடுகள் காட்டின.

ஞாயிற்றுக்கிழமை பட்டியலை அச்செடுத்துக்கொண்டு அஜந்தா தோர்ண்டன் ஹீத்துக்குப் போனாள். ரமா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பாலேந்திரா எடுத்தாரா என்று அஜந்தா கேட்டாள்.

"இல்லையே. ஏன், எடுப்பார் எண்டு சொன்னவரோ?"

"சொன்னவர்" என்றாள் அஜந்தா. அதற்குமேல் அந்த மனிதரைப் பற்றிப் பேச அவளுக்கு மனமில்லை. தாளை மேசையில் விரித்து அந்த வரியைக் காட்டினாள். ரமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, அண்ணனின் பெயரைத் தானே சத்தமாக வாசித்தாள்.