பிஸ்மில்லாஹ்வின் பின்பக்கம்

ஷீராஸில் எங்கள் பட்டறையிலிருந்து இஸ்தான்புல் வியாபாரி ஒருவருக்குப் போன பதினொரு குர்ஆன் பிரதிகளுக்கும் பொன்வேலை செய்தவள் நான். பதினொன்றிலும் இருப்பது என் அண்ணன் பர்வீஸின் பெயர். அவனுக்குப் பொன் பூசத் தெரியாது, பேசத்தான் தெரியும். வாப்பா மௌத்தான பிறகு பட்டறைக்கு அவன்தான் தலைவனாம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

பன்னிரண்டாவது பிரதியின் முதல் தாளில் சூரியவட்டம் வரைய நாலு மாதம் ஆனது. எழுத்தர் வசனங்களை முன்பே எழுதி முடித்திருந்தார். அந்தத் தாளின் மறுபக்கத்தில்தான் அல்லாஹ்வின் பெயரால் தொடங்கும் முதல் வரி, பிஸ்மில்லாஹ். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அல்லாஹ்வின் பெயர் எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் பின்னால், பொன்னின் மேல் நீல மையில் எழுதினேன்: ‘பொன்வேலை, ஸரீன்தாஜ்.’

காலையில் அண்ணன் பார்த்துவிட்டான்.

“அடியே, என்னடி இது? லுஹர் தொழுகை முடிஞ்சதும் இஸ்தான்புல் வியாபாரி வர்றாரு. என் பேரு எங்க?”

“உன் பேரு உன்கிட்டயே இருக்கட்டும். வேலை என்னோடது.”

“பொம்பளை பேரைப் பார்த்தா எவன் வாங்குவான்? கத்தியக் குடு, சுரண்டிடுறேன்.”

கொடுத்தேன். “குர்ஆனைத் தொடுறியே, கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டியாண்ணே? மொதல்ல மறுபக்கம் திருப்பிப் பாரு.”

திருப்பினான். முகம் பேயறைந்தது போல ஆனது. மெல்லிய தாள், சுரண்டினால் ஓட்டை விழும், விழுகிற இடம் ஆண்டவன் பெயர். அதைச் செய்தவன் கையால் எங்கள் ஊரில் ஒருவரும் ரொட்டி வாங்கித் தின்ன மாட்டார்கள்.

“வேணும்னே செஞ்சிருக்க!”

“வேணும்னேதான்.”

“பாவம்டி!”

“பதினோரு தடவை பொய் எழுதுனது மட்டும் புண்ணியமா?”

கத்தியை வைத்துவிட்டுக் கெஞ்சினான். “தாஜு, என் கண்ணுல்ல, அது மேல கொஞ்சம் பொன்னைப் பூசிடு.”

“நீயே பூசேன். நீ பூசுன இடம் மட்டும் தனியாப் பல்லிளிக்கும்.” தூரிகையைக் கழுவிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வியாபாரி வேண்டாமென்று போனால் நாலு மாத உழைப்பும் போச்சு. போகட்டுமே என்று திரைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

வியாபாரி வந்தார். முதல் தாளைத் திறந்தவர் நீல எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

“இந்த ஸரீன்தாஜ் யாரு?”

“அது... நம்ம பட்டறையில ஒரு... வேலையாள்” என்று அண்ணன் இழுத்தான்.

எனக்கு வந்ததே கோபம்! திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றேன்.

“நான்தான். நீங்க இதுக்கு முன்னாடி வாங்கின பதினொண்ணையும் கொண்டாங்க. எல்லாத்துலயும் பேரை மாத்தணும்.”